பதில் சொல்ல மறந்த காங்கிரஸ்

2016 பிப்ரவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா டெக்சஸ் மாநிலத்தில் காலமானார். செய்தி பரவிய சில மணி நேரத்துக்குள், இரங்கலோடு சேர்த்தே ஓர் அறிவிப்பையும் வெளியிட்டார் செனட் சபையின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல். காலியான இடத்தை அடுத்து வரப்போகும் அதிபர்தான் நிரப்ப வேண்டும் என்றார் அவர். ஒபாமாவின் பதவிக்காலம் முடிய அப்போது ஏறக்குறைய ஓராண்டு இருந்தது. மார்ச் மாதத்தில் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்காக செனட் குழு ஒரு நாள் அமர்வுகூட நடத்தவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2020 செப்டம்பர் 18-ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் மறைந்தார். அதிபர் தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. இந்த முறை அதே மெக்கானல் நாற்பது நாள் முடிவதற்குள் ஏமி கோனி பாரெட்டை அந்த இடத்தில் அமர்த்திவிட்டார். தேர்தலுக்கு அப்போது எட்டு நாள்களே பாக்கி.

மெக்கானலின் இரட்டை நாக்கைக் கண்டிப்பது எளிது. அமெரிக்க ஏடுகள் அலுக்காமல் அதைச் செய்துவிட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் கேள்வி வேறு. பழுத்த அரசியல்வாதி ஒருவர், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் சொல்லைத் தானே விழுங்கும் அளவுக்கு அந்த ஒற்றை நாற்காலிக்கு எங்கிருந்து வந்தது அத்தனை விலை? இதே ஸ்கலியாவை 1986-ல் செனட் 98-0 என்று ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் ஏற்றது. கொள்கையில் அவருக்கு நேர் எதிர்த்திசையில் நின்ற கின்ஸ்பர்க்கை 1993-ல் 96-3 என்று ஏற்றது. இருவருடைய சாய்வும் அன்றே ஊரறிந்த ரகசியம். பிறகு வந்த கணக்குகளைப் பாருங்கள்: 2017-ல் நீல் கோர்சச் 54-45, 2018-ல் பிரெட் கவனா 50-48, 2020-ல் பாரெட் 52-48, 2022-ல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் 53-47. ராபர்ட் போர்க்கின் நியமனம் 1987-ல் 42-58 என்று தோற்கடிக்கப்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று குடியரசுக் கட்சியினர் சொல்வதுண்டு. கின்ஸ்பர்க் பெற்ற 96 வாக்குகள் அதற்கு ஆறு ஆண்டு பின்னால் விழுந்தவை. எனவே அந்தக் கதை பாதிதான் சரி.

நீதிபதிகள் அங்கி போட்ட அரசியல்வாதிகள் ஆகிவிட்டார்கள், அதனால் நியமனமும் தேர்தல் சண்டையாகிவிட்டது என்பது பரவலான விளக்கம். நான் அதை ஏற்கவில்லை. நீதிபதிகள் மாறியதைவிட, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மாறியதுதான் அதிகம். காங்கிரஸ் என்று அங்கே அழைக்கப்படும் நாடாளுமன்றம், நீதிமன்றம் சொன்னதை ஏற்கவோ திருத்தவோ மறுக்கவோ தனக்கிருந்த வழிகளைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டது. மறுமொழி வராது என்று தெரிந்த இடத்தில் ஒன்பது பேர் சொல்வதே கடைசிச் சொல் ஆகிவிடுகிறது. கடைசிச் சொல் சொல்லும் நாற்காலிக்காக அரசியல் கட்சிகள் அடித்துக்கொள்ளாமல் வேறு எதற்காக அடித்துக்கொள்ளும்?

நீதிமன்றம் ஒரு காலத்தில் அரசியல் வாசனையே இல்லாமல் இருந்தது என்பது வரலாறு தெரியாதவர்களின் ஏக்கம். தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ் 1801-ல் பதவியை விட்டு இறங்கும் முன் கடைசி நாள்களில் தன் கட்சிக்காரர்களை நீதிபதிகளாக நியமித்துத் தள்ளினார். அந்த நியமன ஆணைகளில் சிலவற்றை உரியவர் கையில் சேர்க்கத் தவறியவர் அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் மார்ஷல். அந்தத் தவறிலிருந்து முளைத்த ‘மார்பரி எதிர் மேடிசன்’ வழக்கில் 1803-ல் தீர்ப்பு எழுதியவர் யார் என்றால், அதற்குள் தலைமை நீதிபதியாகிவிட்ட அதே மார்ஷல்தான். இன்றைய அளவுகோலில் அவர் அந்த வழக்குப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கக்கூடாது. அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அரசமைப்பில் வெளிப்படையாக எங்கும் எழுதப்படவில்லை. அந்த அதிகாரத்தை நிலைநாட்டியது இந்தத் தீர்ப்பு. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஆடம்சைத் தோற்கடித்த ஜெபர்சனின் கட்சியிடமிருந்த காங்கிரஸ் நீதிமன்றம் கூடும் தேதிகளை 1802-ல் மாற்றி, ஓராண்டுக்கு மேல் அது கூடவே முடியாதபடி செய்தது. 1804-ல் நீதிபதி சாமுவேல் சேஸ் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. செனட் அடுத்த ஆண்டு அவரை விடுவித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரு நீதிபதியைக்கூட நியமித்துவிடக் கூடாது என்பதற்காகவே 1866-ல் இடங்களின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து ஏழாகச் சுருக்கியது. இன்று ஏதோ வேதவாக்கு போலப் பேசப்படும் ஒன்பது என்ற எண் 1869-ல் சாதாரணச் சட்டம் ஒன்றால் வந்ததுதான்.

அழகான வரலாறு இல்லை இது. ஆனால் அதில் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டிருந்தன. நீதிமன்றம் ஒன்று சொன்னால் அரசியல் ஒன்று சொல்லும். அப்படிப் பதில் சொல்ல அரசமைப்பே தந்த மிகப் பெரிய வழி, அரசமைப்பைத் திருத்துவது. 1793-ல் ஒரு மாநிலத்தின் மீது வெளிமாநிலத்தார் வழக்குத் தொடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டே ஆண்டில் 11-வது திருத்தம் அதை மாற்றியது. கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்று 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் சொன்ன கொடுமையான தீர்ப்பைத் துடைக்க உள்நாட்டுப் போரும், 1868-ல் 14-வது திருத்தமும் தேவைப்பட்டன. வருமான வரி செல்லாது என்று 1895-ல் 5-4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பை 1913-ல் 16-வது திருத்தம் கவிழ்த்தது. கடைசியாக நடந்தது 1971-ல். 18 வயது வாக்குரிமையை மாநிலத் தேர்தல்களுக்கும் காங்கிரஸ் சட்டத்தால் விதிக்க முடியாது என்று 1970 டிசம்பரில் நீதிமன்றம் சொல்ல, காங்கிரஸ் 26-வது திருத்தத்தை நிறைவேற்றி அனுப்பியது. மாநிலங்கள் நூறே நாளில் ஒப்புதல் கொடுத்தன. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எந்தத் தீர்ப்புக்கும் இந்த வழியில் பதில் வரவில்லை. 1992-ல் ஒப்புதல் பெற்ற 27-வது திருத்தம்கூட 1789-ல் எழுதப்பட்ட பழைய சரக்கு. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, பிறகு 50 மாநிலங்களில் 38-ன் ஒப்புதல் என்பது விதி. வேறு சொற்களில், 13 மாநிலங்கள் கைகட்டி நின்றால் போதும். பெண்களுக்குச் சம உரிமை என்று எழுதவந்த திருத்தம் 1972-ல் காங்கிரசைத் தாண்டியும், விதித்த கெடு முடிந்த 1982-ல் மூன்று மாநிலங்கள் குறைந்து நின்றுபோனது. நாடு சரிபாதியாகப் பிளந்து நிற்கும் இன்று, தாய்மை நல்லது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தாலும் 38 தேறுமா என்பது சந்தேகம்தான்.

அந்த வழி இறுகிவிட்டது சரி. இரண்டாவது வழி இறுகியதற்குத்தான் மன்னிப்பு இல்லை. நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் பெரும்பகுதி அரசமைப்பைப் பற்றியவை அல்ல. காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டத்துக்கு என்ன பொருள் என்பதைப் பற்றியவை. பொருள் தவறு என்று காங்கிரஸ் நினைத்தால், சட்டத்தைத் தெளிவாகத் திருப்பி எழுதிவிட்டால் முடிந்தது. அலபாமாவில் டயர் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டர், ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் தனக்குத் தரப்பட்டதைப் பல ஆண்டு கழித்துத்தான் அறிந்தார். வழக்குத் தொடுக்கும் கெடு எப்போதோ கடந்துவிட்டது என்று 2007-ல் 5-4 என்று தீர்ப்பு வந்தது. எதிர்ப்புத் தீர்ப்பு எழுதிய கின்ஸ்பர்க், இனிப் பந்து காங்கிரசின் பக்கம் என்று வெளிப்படையாகவே சுட்டினார். 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டமே அந்தத் தீர்ப்பை மாற்றிய சட்டம். 1989-ல் வந்த பல தொழிலாளர் பாகுபாட்டுத் தீர்ப்புகளை 1991-ல் ஒரே சட்டம் மாற்றியது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபரான மூத்த புஷ். இந்தப் பழக்கம் அதன்பின் வெகுவாகத் தேய்ந்துவிட்டது என்பதை ரிச்சர்ட் ஹேசன் போன்ற சட்ட அறிஞர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். லெட்பெட்டர் சட்டம் அந்தப் பழைய காலத்தின் எச்சம்.

புதிய காலத்தின் அடையாளம் ஷெல்பி கவுன்டி வழக்கு. இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற 1965-ம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பகுதியை, 2006-ல் பிரதிநிதிகள் சபை 390-33 என்றும் செனட் 98-0 என்றும் புதுப்பித்தன. எந்தெந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் கணக்கு பழசாகிவிட்டது என்று 2013-ல் 5-4 தீர்ப்பு அதை முடக்கியது. தீர்ப்பு எனக்கு உவப்பானது அல்ல. ஆயினும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதிலேயே, இன்றைய நிலவரத்தை வைத்து வேறு கணக்கைக் காங்கிரஸ் வகுக்கலாம் என்று எழுதியிருந்தார். 98 பேர் கைதூக்கிய அவையில், அதற்குப் பின் ஒரு மாற்றுக் கணக்கை நிறைவேற்ற ஆள் இல்லை. ஜான் லூயிஸ் பெயரிலான வாக்குரிமை மசோதா 2021-ல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டி, செனட்டில் முட்டி நின்றது. ஷெல்பி தீர்ப்பைத் திட்டுகிறவர்கள் ஐந்து நீதிபதிகளின் பெயரைச் சொல்கிறார்கள். செனட்டர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

காங்கிரஸ் பேசாதபோது அதிபர் பேசுகிறார். அதிபர் பேசியதும் யாரேனும் வழக்குத் தொடுக்கிறார்கள். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டுதான் போகும். தட்பவெப்ப மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிம வாயுவுக்கு வரம்பு விதிக்கும் மசோதா 2009-ல் பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று தேறியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. ஒபாமா அரசு 1970-ன் காற்றுத் தூய்மைச் சட்டத்திலிருந்தே ஒரு வழியைத் தோண்டி எடுத்து 2015-ல் மின்நிலையங்களுக்கு விதி போட்டது. நீதிமன்றம் அடுத்த ஆண்டே அதை நிறுத்திவைத்தது. 2022-ல் 6-3 என்று, இவ்வளவு பெரிய முடிவுக்குக் காங்கிரசின் தெளிவான அனுமதி வேண்டும் என்றது. மாணவர் கடன் தள்ளுபடியும் இதே பாதையில்தான் போனது. ராணுவத்தினரை மனத்தில் வைத்து 2003-ல் இயற்றிய சட்டத்தைக் கொண்டு சுமார் 40,000 கோடி டாலர் கடனைத் தள்ள பைடன் முயன்றார், 2023-ல் 6-3 என்று தோற்றார். குழந்தைப் பருவத்தில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களுக்கான மசோதா 2010-ல் செனட்டில் 55 வாக்கு பெற்றும் 60 இல்லாததால் விழுந்தது. ஒபாமா 2012-ல் நிர்வாக நடவடிக்கையால் அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தந்தார். டிரம்ப் நீக்கப் பார்த்தார். நீக்கிய முறை சரியில்லை என்று 2020-ல் 5-4 தீர்ப்பு வந்தது. லட்சக்கணக்கான இளைஞர்களின் எதிர்காலம் ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் தொங்கியது.

டிரம்பின் இரண்டாவது ஆட்சியில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்பு காங்கிரசிடம் கொடுத்திருக்கிறது. 1977-ன் நெருக்கடிக்காலப் பொருளாதாரச் சட்டம் ஒன்றைச் சொல்லி, 2025-ல் அந்த வரியை உலகத்தின் மீதே அதிபர் விதித்தார். அதை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறியவர்கள் யார்? பொம்மை இறக்குமதி செய்யும் நிறுவனம், மது இறக்குமதி செய்யும் சிறு வணிகர், 12 மாநிலங்கள். தன் அதிகாரம் பறிபோன அவை வேடிக்கை பார்த்தது. 2025 நவம்பர் 5-ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதத்தின்போது என் கவனம் நீதிபதிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில் இல்லை. இரண்டு பத்தியில் ஒரு சட்டம் எழுதிக் காங்கிரஸ் முடிக்க வேண்டிய கேள்வி ஏன் அங்கே நிற்கிறது என்பதில்தான் இருந்தது.

காங்கிரசால் முடியவில்லை என்பது பாதி உண்மை. அவர்களுக்கு இது வசதியாகவும் இருக்கிறது. தேர்தல் நிதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002-ல் தன் மேசைக்கு வந்தபோது, அதன் சில பகுதிகள் அரசமைப்புக்குப் பொருந்துமா என்ற ஐயத்தை இளைய புஷ் எழுத்திலேயே தெரிவித்துவிட்டு, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று கையெழுத்திட்டார். கடினமான கேள்வியில் வாக்களித்தால் தொகுதியில் பாதிப் பேர் பகையாவார்கள். தீர்ப்பைப் பற்றி அறிக்கை விட்டால் நன்கொடை வரும். செனட்டின் வாக்கு விதிகளைப் பார்த்தால் இந்த மனப்பான்மை இன்னும் பச்சையாகத் தெரியும். எந்த மசோதாவையும் விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடிக்கும் உரிமைக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். அதை முறிக்க 100-ல் 60 வாக்கு வேண்டும், பட்ஜெட் சார்ந்த சில மசோதாக்கள் நீங்கலாக. இந்த 60 அரசமைப்பில் இல்லை. அவையே வகுத்துக்கொண்ட விதி. கீழ்நிலை மத்திய நீதிபதிகளின் நியமனத்துக்கு இந்தத் தடையை 2013-ல் ஜனநாயகக் கட்சி நீக்கியது. உச்ச நீதிமன்றத்துக்கு 2017-ல் குடியரசுக் கட்சி நீக்கியது. சட்டத்துக்கு மட்டும் இரண்டு கட்சியும் அப்படியே விட்டுவைத்தன. ஆக, ஆயுள் முழுக்க அமர்ந்து சட்டத்துக்குப் பொருள் சொல்லும் ஒருவரை நியமிக்க 51 வாக்கு. அவர் சொன்ன பொருளை மாற்ற 60 வாக்கு. நீதிபதியை எளிதாக்கிச் சட்டத்தை அரிதாக்கியவர்கள், நீதிமன்றம் அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்டது என்று புலம்புவது எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது.

நீதிபதிகளுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நியமித்த அதிபரின் கட்சிக்கும் பெரிய வழக்குகளில் விழும் வாக்குக்கும் உள்ள பொருத்தம் முன்பைவிட இன்று துல்லியமாகிவிட்டது. கருக்கலைப்பு உரிமையைத் தந்த 1973-ன் ‘ரோ’ தீர்ப்பை எழுதிய பிளாக்மன், குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர் என்பதை இன்று சொன்னால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். முன்னாள் அதிபர்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பரந்த பாதுகாப்பு தந்த 2024 ஜூலை 1 தீர்ப்பு 6-3 என்று கட்சிக் கோட்டிலேயே பிளந்தது. அரசமைப்பின் வாசகத்தில் அதற்கு என்ன ஆதாரம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இதை வெறும் விசுவாசம் என்று சொல்லவும் முடியாது. நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று 1974-ல் 8-0 என்று வந்த தீர்ப்பில், அவரே நியமித்த மூவர் சேர்ந்திருந்தார்கள். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை 2012-ல் காப்பாற்றிய ஐந்தாவது வாக்கு, இளைய புஷ் நியமித்த ராபர்ட்சுடையது. 2020 தேர்தல் முடிவைப் புரட்டச் சொல்லி டெக்சஸ் கொண்டுவந்த வழக்கை, டிரம்ப் நியமித்த மூவர் இருந்த நீதிமன்றமே வாசலோடு திருப்பி அனுப்பியது. அவர்கள் எஜமானுக்கு அல்ல, கொள்கைக்குக் கட்டுப்பட்டவர்கள். கொள்கையில்லாத நீதிபதி எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்தக் கொள்கை சட்டப்புத்தகத்தில் எவ்வளவு வெற்றிடத்தை நிரப்புகிறது என்பதைத் தீர்மானிப்பது சட்டம் இயற்றுகிறவர்களின் மௌனம்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் கனமானது ஒன்று. பெரும்பான்மையிடமிருந்து சிறுபான்மையைக் காப்பதற்குத்தானே நீதிமன்றம், அதை அரசியலின் பதிலுக்கு உட்படுத்தினால் 1954-ன் ‘பிரவுன்’ தீர்ப்பு என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்ன அந்தத் தீர்ப்பைக் காங்கிரஸ் அன்று இயற்றியிருக்காது. தென் மாநிலங்களைச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள் 1956-ல் அதற்கு எதிராக அறிக்கையே வெளியிட்டார்கள். தீர்ப்பின் அறவலிமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த பத்தாண்டையும் பார்க்க வேண்டும். 1957-ல் லிட்டில் ராக் பள்ளிக்கு ஒன்பது மாணவர்களை அழைத்துப்போக அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. 1964 தொடங்கும்வரை, தெற்கின் 11 மாநிலங்களில் வெள்ளை மாணவர்களோடு படித்த கறுப்பின மாணவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நிலையை மாற்றியது மார்ட்டின் லூதர் கிங்கின் தெருப் போராட்டமும், அதன் அழுத்தத்தில் பிறந்த 1964-ன் சிவில் உரிமைச் சட்டமும். பிரிவினை காட்டும் பள்ளிக்கு மத்திய நிதி கிடையாது என்று அந்தச் சட்டம் சொன்ன பிறகுதான் கதவுகள் திறந்தன. அந்தச் சட்டத்தை இரண்டு மாதத்துக்கும் மேலாக முடக்கி வைத்தது எது? சிறுபான்மைக் காவலன் என்று இன்று புகழப்படும் அதே ஃபிலிபஸ்டர்தான். ஜூன் 10-ல் 71-29 என்று அதை உடைத்த பிறகே சட்டம் வந்தது.

எல்லாவற்றையும் நீதிபதிகளிடம் விடுவதன் ஆபத்தை அமெரிக்க நீதிபதிகளிலேயே சிலர் உணர்ந்திருந்தார்கள். இந்திய அரசமைப்பு எழுதப்பட்டபோது அதன் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். தங்கள் அரசமைப்பில் உள்ள விரிந்த பொருள் தரும் வாசகம் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மக்கள் பிரதிநிதிகளின் சட்டத்தை நீதிபதிகள் தடுக்க இடம்கொடுத்துவிடும் என்பது அவர் சொன்ன யோசனை. நமது 21-வது பிரிவின் சொற்கள் இன்று இருக்கும் விதத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னாளில் நம் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் அங்கேயே போய்ச் சேர்ந்தது தனிக்கதை.

நீதிமன்றத்தையே மாற்றியமைத்தால் என்ன என்போர் இரண்டு மருந்து சொல்கிறார்கள். ஒன்று, 18 ஆண்டுப் பதவிக்காலம். 2024 ஜூலையில் பைடன் முன்வைத்தது. இதை நான் ஆதரிக்கிறேன். கார்ட்டருக்கு நான்கு ஆண்டில் ஒரு நியமனம்கூட வாய்க்கவில்லை, டிரம்புக்கு அதே நான்கு ஆண்டில் மூன்று. யார் எப்போது இறப்பார் என்ற சூதாட்டத்தில் ஒரு நாட்டின் சட்டம் நிற்பது நாகரிகமல்ல. மாநில உச்ச நீதிமன்றங்களில் ரோட் ஐலண்ட் தவிர எங்கும் இப்படி வரம்பற்ற ஆயுள் பதவி இல்லை. ஆனால் இந்தச் சீர்திருத்தம் நாற்காலியின் சுழற்சியை ஒழுங்குபடுத்துமே தவிர அதன் விலையைக் குறைக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு நியமனப் போர் தவறாமல் வரும், அவ்வளவுதான். இரண்டாவது மருந்து, இடங்களைக் கூட்டுவது. 48-ல் 46 மாநிலங்களை வென்ற கையோடு 1937-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அதை முயன்றார், 15 நீதிபதிகள் வரை. அவருடைய கட்சியின் செனட்டே அதைக் கிடப்பில் போட்டது. நீதிமன்றம் அந்த ஆண்டு வழிக்கு வந்தது அந்த மிரட்டலால்தான் என்பது ஒரு தரப்பு. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: தொழில் மீட்புச் சட்டம் செல்லாது என்றபோது அந்தக் காங்கிரஸ் ஓய்ந்து உட்காரவில்லை. தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்று எழுதிக்கொண்டே இருந்தது. 1937-ல் இரண்டும் செல்லும் என்ற தீர்ப்பு வந்தது. நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்துவது மூன்றாவது யோசனை. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரே இடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் கொட்டப்பட்டதைக் கண்டவர்கள் அதைப் பேசாமலிருப்பது நல்லது.

காங்கிரஸ் பதில் சொன்னால் அதையும் நீதிமன்றம் வெட்டிவிடாதா? சில இடங்களில் வெட்டும். நிறுவனங்களின் தேர்தல் செலவும் பேச்சுரிமைதான் என்று 2010-ல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் சொன்னதைச் சாதாரணச் சட்டத்தால் மாற்ற முடியாது, திருத்தம்தான் வேண்டும். அங்கே என் வாதம் தோற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்நிலைய விதி, கடன் தள்ளுபடி, வாக்குரிமைக் கணக்கு என்று நாட்டைக் கொந்தளிக்க வைத்த தீர்ப்புகளில் பல, காங்கிரஸ் தெளிவாகச் சொல்லட்டும் என்று முடிந்தவை. ‘ரோ’வைக் கவிழ்த்த 2022 ஜூன் 24 தீர்ப்பும் முடிவை மக்களின் பிரதிநிதிகளிடமே தள்ளியது. அந்த அழைப்பு நேர்மையானதா, கை கழுவலா என்று விவாதிக்கலாம். ஏற்றுப் பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்பது கண்முன் இருக்கிறது. டிரம்புக்கு வாக்களித்த கான்சஸ் மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பிலிருந்து நீக்கும் முயற்சியை ஆறு வாரத்துக்குள் 59 சதவீத வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2023-ல் ஓஹயோ மக்கள் சுமார் 57 சதவீத வாக்கில் அந்த உரிமையை எழுதியே வைத்தார்கள். மாநில அரசமைப்புகளைத் திருத்துவது எளிது; அதனால் அங்கே அரசியல் உயிரோடு இருக்கிறது. காங்கிரசும் மனம்வைத்த ஒரு சமயம் உண்டு. ஒருபாலினத் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ‘ரோ’ கவிழ்ந்த அதே நாளில் எழுதியதும், அத்தகைய திருமணங்களை எல்லா மாநிலமும் அங்கீகரிக்க வேண்டும் என்ற சட்டம் அந்த டிசம்பருக்குள் நிறைவேறியது. செனட்டில் 61-36, ஆதரித்தவர்களில் 12 பேர் குடியரசுக் கட்சியினர்.

60 வாக்கு விதியை எடுத்துவிட்டால் தேர்தலுக்குத் தேர்தல் சட்டம் தலைகீழாகும் என்ற அச்சத்தில் பொருள் இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் நிர்வாக ஆணைகள் ஏற்கெனவே தலைகீழாகத்தான் மாறுகின்றன. பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. மாறுவதானால் வாக்காளர் கண்முன் பெயர்சொல்லி வாக்களித்தவர்களால் மாறட்டும், பிடிக்கவில்லையெனில் அவர்களைத் தூக்கியெறியலாம். 2022 ஜூனில் காலப் நிறுவனம் கேட்டபோது உச்ச நீதிமன்றத்தில் நம்பிக்கை உண்டு என்றவர்கள் 25 சதவீதம். காங்கிரசில் 7 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் மிகக் குறைவு.

வாக்குரிமை மசோதாவுக்காக அந்த விதியைத் தளர்த்தும் முயற்சி 2022 ஜனவரியில் செனட்டில் 48-52 என்று விழுந்தது. ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் எதிர்த்து வாக்களித்தார்கள். 2025-ல் அரசு அலுவலகங்கள் முடங்கியபோது விதியையே ஒழிக்கச் சொன்னவர் டிரம்ப். குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் ஜான் தூன் மறுத்தார். இரண்டு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: நாளை நாம் சிறுபான்மையாகிவிட்டால்? அந்த நாளுக்காகத் தங்கள் கையிலிருந்த அதிகாரத்தை அவர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வரி முதல் வாக்குரிமை வரை எல்லா வழக்கும் அதுவரை ஒவ்வோர் அக்டோபரிலும் அந்த ஒன்பது பேர் முன் வரிசை கட்டி நிற்கும்.